சலாபத்தின் முப்பது நாட்கள்

அரபு மாலுமிகள் 'மவ்ஸிம்' என்றனர். குறித்த காலம், பருவம் என்பது அச்சொல்லின் பொருள். அது போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, பின்னர் ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. இன்று நாம் அதை மழையோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். கடலில் வாழ்ந்தோர்க்கோ மவ்ஸிம் என்பது முதலில் காற்று. எந்தத் திங்களில் எந்தக் காற்று எழும், எப்போது அது தணியும், தணிந்த இடைவெளி எத்தனை நாள் நீடிக்கும் என்ற கணக்கே அவர்களுடைய கல்வியில் பெரும்பகுதி.

சீயமங்கலத்திலும் செஞ்சியைச் சுற்றியும் வாழும் நமக்குக் கண்ணெதிரே இருப்பவை பாறைக் குன்றுகள். கடலைக் காண வேண்டுமெனில் திண்டிவனம் கடந்து மரக்காணம் வரை செல்ல வேண்டும். ஆயினும் இக்கோட்டையின் வரலாற்றில் கடற்காற்றுக்குப் பங்குண்டு. 1750இல் செஞ்சியைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் பத்தாண்டுகளுக்கு மேல் இதை வைத்திருந்தனர். 1761 ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் தாக்கிப் பல கப்பல்களை அழித்தது. புயல் பிரெஞ்சுக்காரருக்கு அளித்த அவகாசம் இரண்டு வாரமே. அம்மாதத்தின் நடுவில் புதுச்சேரி வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் பணிந்தது. வாடைக்காலத்தில் கோரமண்டலக் கரையில் கப்பலை நிறுத்துவது எத்தகைய துணிச்சல் என்பதை அறிய இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

நாம் இங்கே சொல்ல விழைவது போர்க்கப்பல்களைப் பற்றியன்று. சூரத்துர் ரஹ்மானில் இரு கடல்களிலிருந்து முத்தும் பவளமும் வெளிப்படுவதாகக் கூறப்படும் இடத்தை மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கையில், முத்து எப்படிக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. 'கடலில் மூழ்கி எடுப்பார்கள்' என்று ஒரு வரியில் விடை கூறிக் கடந்துவிடலாம். ஆனால் மூழ்குவதற்குக் கடல் இசைய வேண்டும். நம் தமிழ்க் கரையில் அது ஆண்டுக்குச் சில வாரங்களே இசைந்தது. அந்தச் சில வாரங்களின் ஒவ்வொரு நாளும் யாருக்கு உரியது என்ற கேள்வியில்தான் முத்துக்குளிப்பின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நமது எண்ணம்.

முதலில் கடலின் ஆண்டைப் பார்ப்போம். மன்னார் வளைகுடா தென்மேற்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. மே மாத இறுதியில் எழும் தென்மேற்குக் காற்றுக்கும் இந்துமாக்கடலின் அலைக்கும் அங்கே தடையில்லை. கச்சான் என்று கரையோர மக்கள் அழைக்கும் அக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பாய்ந்துவந்து, செப்டம்பர் வரை தூத்துக்குடிக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அடிமணல் கிளர்ந்து நீர் கலங்கிவிடும். மூழ்கியவனுக்குத் தன் கையே தெரியாது. அக்டோபரில் காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து வாடையும் மழையும் வரும். தாமிரபரணியும் வைப்பாறும் செம்மண் நீரைக் கடலில் கொட்டும். இடையில் புயல்களும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2017 நவம்பர் இறுதியில் குமரி மீனவர்களைக் கடலிலேயே வாரிக்கொண்ட ஒக்கியும் இப்பருவத்தில் வந்தவையே.

ஜனவரியில் மழை ஓய்ந்தாலும் வாடை உடனே ஓய்வதில்லை. பிப்ரவரி இறுதியில் அது தளரும். மார்ச்சும் ஏப்ரலும் இரு காற்றுகளுக்கும் இடையிலான மௌனம். ஆற்று நீர் நின்று, மிதந்த மண் அடியில் படிந்து, கடல் கண்ணாடி போல் தெளியும். மே நடுவில் தென்மேற்கு மீண்டும் முணுமுணுக்கத் தொடங்கும். குளிப்புக்கு ஏற்ற காலம் என்பது இந்த இடைவெளிதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குளிப்புக்காலம் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை என்று எழுதினார். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த ஆங்கிலேயர் எழுதியதும் ஏறத்தாழ அதுவே. அரசுகள் மாறின, காற்று தன் நாட்களை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஆதம் பாலம் எனவும் இராமர் பாலம் எனவும் அழைக்கப்படும் மணல்திட்டு வரிசைக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் சீறும்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும்; வாடையில் நிலைமை தலைகீழாகும். இராமேசுவரத்து மீனவர்கள் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் கூறுவர். சில கல் தொலைவில் இரு கடல்கள், இரு பருவங்கள்! இவ்வறிவு எந்த நூலிலிருந்தும் அவர்களுக்கு வந்ததன்று.

முத்துச்சிப்பி வாழும் அடித்தளத்துக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு நேரே தொலையிரம் பார். இலங்கைப் பக்கம் பெரிய பார், செவல் பார். முத்துக்குளிப்பு நிகழ்வதைச் 'சலாபம்' என்றனர். இலங்கையின் சிலாபம், சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது. மூழ்குபவர் குளியாளி. தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்களும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள்.

பருவக்காற்று ஆண்டைத் தீர்மானித்தது போலவே, கரைக்காற்றும் கடற்காற்றும் நாளைத் தீர்மானித்தன. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும். இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு வீசும். பெருங்காற்று ஓய்ந்திருக்கும் மார்ச், ஏப்ரலில்தான் இந்தச் சிறுகாற்றுகள் ஒழுங்காக வரும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் சலாபத்தின் ஒரு நாளை விவரித்துள்ளார். இரவு பத்து மணி வாக்கில் பீரங்கி முழங்கும். அனைத்துப் படகுகளும் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடியுமுன் பாரை அடைந்து, கதிரவன் எழுந்ததும் மூழ்கத் தொடங்குவர். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் பணி நிறுத்தி, அதே காற்றில் கரை திரும்புவர். போவதற்கும் வருவதற்கும் துடுப்பு வலிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. ஆனால் ஓரிரவு கரைக்காற்று எழாவிட்டால் மறுநாள் வீண்.

ஒரு படகில் குளியாளிகள் பத்துப்பேர் அளவில் இருப்பர். ஐவர் மூழ்க ஐவர் இளைப்பாறுவர். கயிற்றில் கட்டிய கருங்கல்லில் கால் வைத்து, கழுத்திலோ கையிலோ வலைப்பை தாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் இறங்குவர். கல் விரைவில் அடிக்குக் கொண்டுசெல்லும். மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம். கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே தூக்குவர். இவ்வாறு ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை. காதிலும் மூக்கிலும் குருதி வடிவது வழக்கமான காட்சி என்று கண்டவர்கள் எழுதினர். அரபுக் குளியாளிகள் மூக்கை அடைக்கக் கொம்பால் செய்த இடுக்கி வைத்திருந்தனர்; நம்மவர்க்குத் தம் விரல்களே இடுக்கி.

சுறாவுக்கு அஞ்சிக் 'கடல்கட்டி' என்ற மந்திரிப்பவரை அமர்த்துவதும் உண்டு. மார்க்கோ போலோ காலத்தில் அவர்க்கு இருபதில் ஒரு பங்கு. ஆங்கிலேய அரசும் சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது, அவர் கரையில் இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்ததால். மந்திரத்தை நம்பியவர்களை மார்க்க அடிப்படையில் குறை கூறுவது நமக்கு எளிது. அந்த ஆழத்தில் தனித்து இறங்குபவனின் அச்சத்தை எண்ணிப் பார்த்த பின்னர் அக்குறையைக் கூறுவது நன்று.

ஆக, ஆண்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் கடல் திறந்தது. அதிலும் காற்று பிழைத்த நாட்களையும், கிறித்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனப் பல சமயத்தாரும் கடைப்பிடித்த விடுமுறைகளையும் கழித்தால், உண்மையில் குளித்த நாட்கள் முப்பதைத் தாண்டவில்லை என்று பெர்சிவல் காலத்துக் குறிப்புகள் காட்டுகின்றன. முப்பது நாள்! ஒரு குளியாளியின் குடும்பம் ஆண்டின் பெரும்பகுதியை நகர்த்தியது இந்த முப்பது நாளை நம்பி. எனவே ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. அந்த நாளை வைத்திருப்பவனுக்கு அதிகாரம் உண்டு.

இதற்கான சான்றுகளுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியரின் குறிப்பு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயலைப் பற்றி அவர் எழுதினார். அங்கே முத்துக்குளிப்பின் உரிமை ஒரு செல்வந்த முஸ்லிமிடம் குத்தகையாக இருந்தது. குளிப்போர் வாரம் முழுவதும் தமக்காகக் குளித்தனர். வெள்ளிக்கிழமை கிடைத்தவை படகு உரிமையாளருக்கு. பருவத்தின் இறுதியில் ஒரு முழு வாரம் கிடைத்தவை அந்தக் குத்தகைதாரருக்கு.

காயலின் பெருமையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஹுர்முஸிலிருந்தும் கீஸிலிருந்தும் வந்த குதிரைகள், பாண்டியர் அவையில் உயர்பதவி வகித்த தகீயுத்தீன், பின்னாளில் கீழக்கரையில் கடல் வணிகத்தால் செழித்து உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி ஆகியோர் நம் சமுதாய மேடைகளில் தவறாமல் இடம்பெறுகின்றனர். அவர்கள் நினைக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அவர்கள் கையில் மின்னிய முத்தை அடியிலிருந்து எடுத்துவந்தவன் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவன் பெரும்பாலும் பரதவன். சில ஊர்களில் நம்மவன். பார்போசாவின் அந்தச் சிறு குறிப்பில்தான் அவனுடைய வாரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரிகிறது.

வெள்ளியன்று உழைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஜுமுஆவுக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட வேண்டும். தொழுகை முடிந்தபின் பரவிச் சென்று தேடலாம். ஆகவே அந்தக் காயல் ஏற்பாட்டில் 'வெள்ளிக்கிழமை மீறப்பட்டது' என்று குற்றம் சாட்ட நாம் முற்படவில்லை. மூழ்கியவர்களுள் பலர் முஸ்லிம்களும் அல்லர். நம் கேள்வி வேறு. முப்பது நாளில் வெள்ளிகளும் இறுதி வாரமும் போனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நாட்களில் அவன் பிறருக்காக மூச்சடக்கினான். இறுதி வாரம் என்பது மே மாதக் காற்று எழப்போகும் வாரம். கடல் கலங்கத் தொடங்கும் வாரம். அதைக் குத்தகைதாரர் எடுத்துக்கொண்டது குளியாளிக்கு உதவியா, சுமையா? அவ்வாரத்தில் கிடைப்பது குறைவாகவும், ஆபத்து மிகுதியாகவும் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அந்தக் குறைவு உழைத்தவன் உடம்பைக் காக்கவில்லை.

பிற்காலத்தில் நாளைப் பங்கிடுவது போய்ச் சிப்பியைப் பங்கிடும் முறை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைச் சலாபங்களில், வேலியிட்ட 'கொட்டு' என்னும் வளாகத்தில் ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. இதுவும் பார்த்தவுடன் நீதியாகத் தோன்றாது. எனினும் பழைய முறையைவிட ஒரு நன்மை இருந்தது: காற்று நின்ற நாளின் இழப்பை இருவரும் தாங்கினர்.

பாரசீக வளைகுடாவில் நிலைமை இன்னும் கடினம். அங்கே குளிர்காலத்தில் நீர் மிகக் குளிரும் என்பதால் பெருங்குளிப்பு கோடையில், ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை நிகழ்ந்தது. எஞ்சிய மாதங்களுக்குக் குளியாளி முன்பணம் வாங்கினான். அடுத்த பருவம் அக்கடனை அடைக்கவே சரியாயிற்று. 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா, அங்குள்ள வணிகர்களுட் பெரும்பாலோர் குளியாளிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்றும், கடனுக்கு ஈடாக முத்தை எடுத்துக்கொண்டனர் என்றும் பதிவு செய்தார். 1344இல் இலங்கைக்கு வந்தபோது புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி காட்டிய முத்துகளையும் அவர் கண்டார். இரு கடல்களின் பருவங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபுக் குளியாளிகள் வசந்தத்தில் மன்னாருக்குப் பெருந்தொகையாக வந்து மூழ்கி, தம் கோடைப் பருவத்துக்கு ஊர் திரும்ப முடிந்தது. காற்றின் காலண்டர் அவர்களுக்கு இரண்டு கூலியைத் தந்தது. இரட்டை உழைப்பையும் தந்தது.

காலண்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நமது ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைச் சார்ந்தது. காற்று சூரியனைச் சார்ந்தது. எனவே ரஜபில் வாடை ஓயும் என்று யாரும் கணிக்க இயலாது. இதனால் இப்னு மாஜித் போன்ற அரபு மாலுமிகள் தொழுகைக்கும் நோன்புக்கும் ஹிஜ்ரியையும், பயணத்துக்கு நைரூஸ் எனும் சூரிய ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எண்ணும் நாட்கணக்கையும் கையாண்டனர். நீரோட்டத்துக்கு மட்டும் பிறை பயன்பட்டது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதமும் நீவாடும் வலுக்கும் என்பதைக் கடலோடிகள் அறிவர்.

ஹிஜ்ரி மாதங்கள் முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று வருவதால், சில ஆண்டுகளில் ரமளான் நேராகச் சலாபத்தின் மேல் வந்து விழும். தூத்துக்குடியில் இறுதியாகச் சலாபங்கள் நடந்த 1955 முதல் 1961 வரையிலான காலத்தில், 1958, 1959ஆம் ஆண்டுகளின் ரமளான் மார்ச்சில் தொடங்கியது. ஆண்டில் கடல் திறக்கும் அதே வாரங்களில் நோன்பு! தலை நீரில் மூழ்குவதால் மட்டும் நோன்பு முறிவதில்லை என்றாலும், நீர் உள்ளே இறங்காமல் நாற்பது முறை மூழ்கி எழுவது எளிதன்று. நோன்பா, ஆண்டின் வருவாயா என்ற இடுக்கண் நம் மத்ரஸாப் பாடத்தில் ஒரு மஸ்அலாவாக வரும். அவர்களுக்கு அது விடியற்காலைக் கேள்வி.

சலாபத்தின் முடிவையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1905இல் இலங்கையில் மிகப் பெரிய சலாபம் நடந்தது. அதைக் கண்டு ஓர் ஆங்கிலேயக் குழுமம் 1906இல் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் சிப்பி இல்லாமற் போயிற்று, குழுமமும் மறைந்தது. சிப்பி முதிர்வதற்கு ஆண்டுகள் பல வேண்டும். நீரோட்டம் குஞ்சுகளைச் சிதறடித்தாலோ, மணல் மூடினாலோ, திருக்கை போன்ற மீன்கள் தின்றாலோ பார் வெறுமையாகிவிடும். அதற்குள் ஜப்பானில் செயற்கையாக முத்து வளர்க்கும் முறை பெருகி, இயற்கை முத்தின் விலையைச் சரித்தது. 1961க்குப் பின் தூத்துக்குடியில் சலாபம் கூடவில்லை.

கடல் இன்றும் பழைய நாட்களிலேயே திறக்கிறது. ஸ்கூபா எனும் காற்றுக்குடுவையோடு மூழ்கும் விளையாட்டுக்கு மக்கள் செல்லும் காலங்களைப் பாருங்கள். இலங்கையின் மேற்கில் ஹிக்கடுவையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கில் திருகோணமலை நிலாவெளியில் மே முதல் செப்டம்பர் வரை. அந்தமானில் தெளிந்த நீருக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சிறந்த காலம் என்பர். எக்கரை காற்றுக்கு முதுகு காட்டுகிறதோ அக்கரையில் மூழ்கு என்ற பழைய அறிவுதான் இங்கும் வழி நடத்துகிறது. வேறுபாடு, இவர்கள் காற்று சரியில்லையெனில் அறையில் தங்கி மறுநாளுக்குக் காத்திருக்கலாம்.

இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். அவர்களுட் சிலர் படகில் வைத்த கம்ப்ரெசரிலிருந்து குழாய் வழியே காற்று பெற்று மூழ்குகின்றனர். முன்னோரின் மூச்சு அவர்களை ஒரு நிமிடத்தில் மேலே இழுத்தது. குழாய்க்காற்றோ மணிக்கணக்கில் கீழே நிறுத்தி வைக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையைப் போல் இருமடங்கு. அங்கே நெடுநேரம் சுவாசித்தால் நைட்ரஜன் உடலில் கரைந்து தங்கும். விரைந்து மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் சிக்கும். கால்கள் செயலிழந்தவர்களும் உண்டு. நாள் குறைவாக இருப்பதால் ஒரு நாளிலேயே மிகுதியாக எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களை மேலும் ஆழத்துக்குத் தள்ளுகிறது.

அமைதியான அந்த இடைவெளியும் முன்போல் இல்லை. காற்று ஓய்ந்த ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டிலேயே மிகுதியாகச் சூடேறும். 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் அவ்வெப்பம் வரம்பு கடந்து, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இருபத்தொரு தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் வெளுத்தன. மூழ்குபவன் விரும்பிக் காத்திருந்த தெளிவும் அசைவின்மையுமே பவளத்துக்குத் துன்பமாயின. அப்படிப்பட்ட ஆண்டுகளில் காற்று சற்று முன்னதாக எழுந்து நீரைக் கலக்கிக் குளிரச் செய்தால் பவளம் பிழைக்கும். குளியாளியின் நாட்களில் சில குறையும்.